அடாப்டர் இணைய மறுக்கிறதா? சாக்கெட் சிக்கல்களை அறிகுறி பார்த்துத் தீர்க்கும் வழி

இரண்டு மென்பொருள்களுக்கு நடுவே நின்று செய்தி கடத்தும் அடாப்டரில், நெட்வொர்க் இணைப்பின் முனையான சாக்கெட்டுக்குரிய அமைப்புப் பக்கம் பார்க்கச் சின்னதாகத்தான் இருக்கும். ஹோஸ்ட் முகவரி, போர்ட் எண், கிளையன்டா (இணைப்பைத் தொடங்குபவர்) சர்வரா (இணைப்புக்காகக் காத்திருப்பவர்) என்ற தேர்வு, எவ்வளவு நேரம் காத்திருப்பது என்று சொல்லும் நாலைந்து டைம்அவுட் கட்டங்கள், இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று சோதிக்கும் கீப்அலைவுக்கு ஒரு டிக். இணைப்பு கிடைக்காதபோது இந்தக் கட்டங்களை மாற்றி மாற்றிப் பார்ப்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது. அப்படி ஒருவழியாக இணைப்பு கிடைத்தாலும் எது சரிசெய்தது என்று தெரியாது. கிடைக்காவிட்டால், ஏற்கெனவே சரியாக இருந்த மதிப்பும் தொலைந்துபோயிருக்கும்.

அதனால் எதையும் தொடுவதற்கு முன் இரண்டைக் குறித்துக்கொள்ளுங்கள். லாகில் இருக்கும் பிழையின் வாசகமும் எண்ணும் ஒன்று. இணைக்க முயன்ற கணத்திலிருந்து பிழை வரும்வரை எவ்வளவு நேரம் ஆனது என்பது இன்னொன்று. இந்த இரண்டாவதைப் பலர் கவனிப்பதே இல்லை. நான் முதலில் கேட்பது அதைத்தான். பிழை உடனே வந்தால் யாரோ பதில் சொல்லியிருக்கிறார்கள். காத்திருந்து வந்தால் யாருமே பதில் சொல்லவில்லை. தேட வேண்டிய இடம் இதிலேயே பாதியாகக் குறைந்துவிடும்.

கீழே உள்ளவை எல்லாம், தரவு வரிசை மாறாமல் போய்ச் சேரப் பார்த்துக்கொள்ளும் டிசிபி நெறிமுறையின் சாக்கெட்டுகளுக்கானவை. பிழை எண்களை லினக்ஸுக்கும் விண்டோஸுக்கும் சேர்த்தே தருகிறேன்.

உடனே ‘கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு’ என்று வருகிறது

லினக்ஸில் 111, விண்டோஸில் 10061. விண்டோஸ் மறுப்பு வந்த பிறகும் ஓரிரு முறை திரும்பக் கேட்டுப் பார்க்கும் என்பதால் அங்கே ஒன்றிரண்டு விநாடி ஆகலாம். அதையும் ‘உடனே’ என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

பார்க்கப் பயமாக இருந்தாலும் இது நல்ல செய்தி. உங்கள் பாக்கெட் (நெட்வொர்க்கில் போகும் தரவுத் துண்டு) எதிர்முனைக் கணினியை அடைந்துவிட்டது; அங்கே அந்த போர்ட்டில் கேட்டுக்கொண்டிருப்பவர் யாருமில்லை என்று அந்தக் கணினியே ரீசெட் என்ற மறுப்புப் பாக்கெட்டை அனுப்பியிருக்கிறது. சில ஃபயர்வால்களும் இப்படி மறுப்பு அனுப்பும்படி அமைக்கப்பட்டிருக்கும், ஆனால் முதலில் சந்தேகிக்க வேண்டியது சர்வர் பக்கத்தைத்தான்.

சர்வர் கணினியில் லினக்ஸ் என்றால் எஸ்எஸ் கட்டளையையும், விண்டோஸ் என்றால் நெட்ஸ்டாட்டையும் ஓடவிட்டு ‘லிசன்’ நிலையில் உள்ள வரிகளைப் பாருங்கள். உங்கள் போர்ட் அதில் இல்லவே இல்லை என்றால் சர்வர் நிரல் இன்னும் எழும்பவில்லை, அல்லது வேறு போர்ட்டில் எழும்பியிருக்கிறது. போர்ட் இருக்கிறது, ஆனால் அதன் முன்னால் 127.0.0.1 என்று இருந்தால் அதே கணினியிலிருந்து வரும் இணைப்பை மட்டும்தான் ஏற்கும். வெளியிலிருந்து வர வேண்டுமானால், சர்வர் எந்த முகவரியில் கேட்கிறது என்பதைச் சொல்லும் பைண்ட் முகவரியை 0.0.0.0 என்றோ, அந்தக் கணினியின் குறிப்பிட்ட ஐபி முகவரி என்றோ மாற்ற வேண்டும். எல்லா முகவரிகளிலும் திறந்து வைப்பதைவிட, தேவையான அந்த ஒரு முகவரியை மட்டும் கொடுப்பதையே நான் பரிந்துரைப்பேன்.

இன்னொரு கண்ணி, அதே கணினியைக் குறிக்கும் ‘லோக்கல்ஹோஸ்ட்’ என்ற பெயர். அடாப்டர் அந்தப் பெயரை ஐபிவி6 முகவரியான ::1 என்று எடுத்துக்கொள்ளக்கூடும். சர்வரோ ஐபிவி4 முகவரியான 127.0.0.1-இல் மட்டும் கேட்டுக்கொண்டிருக்கலாம். இரண்டும் ஒரே கணினிதான், ஆனாலும் அப்போது இணையாது. பெயருக்குப் பதில் எண்ணையே எழுதிவிட்டால் தீர்ந்தது. அடாப்டர் டாக்கர் கன்டெய்னருக்குள் ஓடுகிறது என்றால் அங்கே 127.0.0.1 என்பது அந்தக் கன்டெய்னரையே குறிக்கும், வெளியே உள்ள கணினியை அல்ல.

அப்புறம், இரண்டு முனையும் கிளையன்ட் என்று அமைக்கப்பட்டிருக்கிறதா என்றும் ஒருமுறை பாருங்கள். இரு தரப்பும் வெவ்வேறு குழுக்களாக இருந்தால் இது அடிக்கடி நடக்கும். ‘தகவலை அனுப்புவது நாங்கள்தானே, அப்படியென்றால் நாங்கள் கிளையன்ட்’ என்று ஒரு குழு நினைக்கும். ‘தகவலைக் கேட்டு வாங்குவது நாங்கள்’ என்று இன்னொன்று நினைக்கும். தகவல் எந்தத் திசையில் போகிறது என்பதற்கும் இணைப்பை யார் தொடங்குகிறார்கள் என்பதற்கும் சம்பந்தமே இல்லை. தொலைபேசியில் பேசி, ஒருவர் சர்வர் என்று முடிவுசெய்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

நெடுநேரம் காத்திருந்து ‘டைம்டு அவுட்’ வருகிறது

லினக்ஸில் 110, விண்டோஸில் 10060. இங்கே பதிலே இல்லை. லினக்ஸின் இயல்பான அமைப்பில், இணைப்பு கேட்கும் முதல் பாக்கெட்டான சின்னுக்குப் பிறகு 6 முறை திரும்ப அனுப்பும். இடைவெளி 1, 2, 4 என்று இரட்டிப்பாகிக்கொண்டே போய், மொத்தம் 127 விநாடிக்குப் பிறகு கைவிடும் என்பது நெடுங்காலம் இருந்த கணக்கு; புதிய லினக்ஸ் பதிப்புகளில் இது சற்று மாறலாம். உங்கள் பிழை சரியாக 5 அல்லது 10 அல்லது 30 விநாடியில் வருகிறது என்றால் அது இயங்குதளம் கைவிட்டதல்ல, அடாப்டரின் கனெக்ட் டைம்அவுட் முந்திக்கொண்டது.

உடனே அந்த டைம்அவுட்டைக் கூட்டத் தோன்றும். வேண்டாம். 10 விநாடி என்று வைத்தாலே 1, 3, 7-ஆம் விநாடிகளில் மூன்று மறுமுயற்சிகள் நடந்துவிடும். அதற்குள் வராத பதில் 60 விநாடி காத்திருந்தால் வரும் என்று நம்புவதற்குக் காரணம் மிகக் குறைவு. ஆனால் 1 விநாடிக்கும் கீழே வைத்திருந்தால் கூட்டுங்கள். ஒரே ஒரு பாக்கெட் தொலைந்தாலும் தோற்றுவிடும் அமைப்பு அது. கட்டத்தின் அலகு என்ன என்பதையும் கையேட்டில் பாருங்கள். மில்லிவிநாடி கேட்கும் கட்டத்தில் 30 என்று போட்டவர்களும் உண்டு, விநாடி கேட்கும் கட்டத்தில் 30000 என்று போட்டு 8 மணி 20 நிமிடம் காத்திருக்க வைத்தவர்களும் உண்டு.

பிங் போகிறதே என்று சொல்லிச் சமாதானமாகிவிடாதீர்கள். பிங் போவது ஐசிஎம்பி என்ற வேறொரு நெறிமுறையில். டிசிபி போர்ட் ஒன்று திறந்திருக்கிறதா என்பதைப் பற்றி அது எதுவும் சொல்லாது. அடாப்டர் ஓடும் அதே கணினியிலிருந்து, அதே போர்ட்டுக்கு, நெட்கேட் அல்லது டெல்நெட் கொண்டு இணைத்துப் பாருங்கள். விண்டோஸ் பவர்ஷெல்லில் டெஸ்ட்-நெட்கனெக்‌ஷன் இருக்கிறது. உங்கள் மடிக்கணினியிலிருந்து போகிறது என்பது கணக்கில் சேராது, ஏனென்றால் ஃபயர்வால் விதிகள் பெரும்பாலும் புறப்படும் முகவரியைப் பார்த்து எழுதப்பட்டவை.

அதிலும் போகவில்லை என்றால் சர்வர் கணினியில் வயர்ஷார்க் அல்லது டிசிபிடம்ப் வைத்துப் பாக்கெட்டுகளைப் பிடித்துப் பார்ப்பதுதான் நேரான வழி. சின் பாக்கெட் வந்து சேரவே இல்லை என்றால் இடையில் உள்ள ஃபயர்வால் விழுங்குகிறது, அல்லது நீங்கள் கொடுத்த ஐபியே தவறு. வந்து சேர்கிறது, பதில் மட்டும் கிளம்பவில்லை என்றால் சர்வரின் சொந்த ஃபயர்வாலைப் பாருங்கள். புதிய இணைப்புகளுக்கான காத்திருப்பு வரிசை நிரம்பியிருந்தாலும் இப்படி ஆகும். பதில் கிளம்புகிறது, அடாப்டருக்கு வரவில்லை என்றால் திரும்பி வரும் பாதையில் ரூட்டிங் கோளாறு. இரண்டு நெட்வொர்க் கார்டு உள்ள கணினிகளிலும் விபிஎன் வழியே போகும் இணைப்புகளிலும் இந்தக் கடைசி வகைதான் ஆளை அலைக்கழிக்கும். நெட்வொர்க் குழுவிடம் ‘இணையவில்லை’ என்று மட்டும் சொன்னால் நாட்கள் ஓடும். ‘சின் இங்கே வருகிறது, அதற்குப் பதிலான சின்-ஆக் கிளம்புகிறது, அங்கே போய்ச் சேரவில்லை’ என்று பதிவோடு காட்டினால் எந்த விதியைத் திறந்து பார்க்க வேண்டும் என்பது அவர்களுக்கு உடனே தெரியும்.

அடாப்டர் சர்வராக எழும்பும்போதே விழுகிறது

‘அட்ரெஸ் ஆல்ரெடி இன் யூஸ்’ என்றால் லினக்ஸில் 98, விண்டோஸில் 10048. அடாப்டரின் பழைய பிரதி இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால், நிறுத்திய உடனே மறுபடி கிளப்பினீர்களா? மூடிய இணைப்புகள் லினக்ஸில் 60 விநாடி டைம்-வெயிட் நிலையில் இருக்கும். ரீயூஸ் அட்ரெஸ் தேர்வை இயக்கினால் அந்தக் காத்திருப்பு தேவைப்படாது. விண்டோஸில் மட்டும் கவனம்: அங்கே அதே பெயருள்ள தேர்வு, ஓடிக்கொண்டிருக்கும் இன்னொரு நிரலின் போர்ட்டிலேயே வந்து உட்கார இடம்கொடுத்துவிடும். பிறகு எந்த நிரலுக்கு இணைப்பு போகும் என்று சொல்லவே முடியாது.

எப்போதாவது ஒருமுறை மட்டும் இந்தப் பிழை வருகிறது என்றால் போர்ட் எண்ணைப் பாருங்கள். லினக்ஸ் தன் வெளிச்செல்லும் இணைப்புகளுக்கு 32768 முதல் 60999 வரையிலும், விண்டோஸ் 49152 முதல் 65535 வரையிலும் உள்ள எண்களைத் தற்காலிகமாக எடுத்துக்கொள்ளும். உங்கள் அடாப்டர் அந்த வரம்புக்குள் ஓர் எண்ணில் கேட்கிறது என்றால், அது எழும்பும் நேரத்தில் வேறொரு நிரல் அதைப் பிடித்திருக்கலாம். வரம்புக்குக் கீழே உள்ள எண்ணுக்கு மாறிவிடுங்கள். ஆனால் 1024-க்கும் கீழே போனால் லினக்ஸில் தனி அனுமதி வேண்டும், இல்லையேல் பிழை 13.

லினக்ஸில் 99, விண்டோஸில் 10049 என்றால், பைண்ட் கட்டத்தில் நீங்கள் எழுதிய முகவரி அந்தக் கணினியில் இல்லை. கணினி மாறியிருக்கும், அமைப்புக் கோப்பு பழையதாகவே இருக்கும்.

இணைந்துவிட்டது, ஆனால் செய்தி வரவில்லை, அல்லது துண்டாக வருகிறது

இதில் சற்று நிதானமாக நிற்க வேண்டும், ஏனென்றால் பிழை எதுவும் லாகில் இருக்காது.

டிசிபி செய்திகளைக் கடத்துவதில்லை, பைட்டுகளைக் கடத்துகிறது. குழாயின் இந்தப் பக்கம் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றினால் அந்தப் பக்கம் எது எந்தக் குடத்துத் தண்ணீர் என்று பிரிக்க முடியாது அல்லவா, அப்படித்தான். ஒரு செய்தி எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்பதை இரண்டு முனைகளும் முன்பே பேசி வைத்திருக்க வேண்டும். அடாப்டர் அமைப்பில் ‘ஃபிரேமிங்’ அல்லது ‘டிலிமிட்டர்’ என்ற கட்டம் இதற்குத்தான். அது பொருந்தாவிட்டால் அடாப்டர் முடிவுக்குறிக்காகக் காத்துக்கொண்டே இருக்கும். செய்தி அதன் பஃபரில் (தற்காலிக நினைவகத்தில்) முழுசாகக் கிடக்கும்.

மருத்துவத் தகவல் பரிமாற்றத்தில் எச்எல்7 செய்திகளுக்குப் பயன்படும் எம்எல்எல்பி முறையில், தொடக்கத்தில் மதிப்பு 11 உள்ள ஒரு பைட், முடிவில் 28, 13 என்று இரண்டு பைட்டுகள். இதில் கடைசி 13-ஐ மட்டும் விட்டுவிட்டு அனுப்பும் மென்பொருள்கள் உண்டு. சில பெறுநர்கள் அதைப் பொறுத்துக்கொள்ளும், சில கடைசிவரை காத்திருக்கும். வரி முறையில் பேசும் கருவிகளில் முடிவு 13 மட்டுமா, 10 மட்டுமா, இரண்டுமா என்பதே தகராறு.

நீளத்தை முன்னால் எழுதி அனுப்பும் முறையில் வேறு சில இடறல்கள் உள்ளன. நீளம் இரண்டு பைட்டா நான்கு பைட்டா, அந்த நீளத்துக்குள் தலைப்பகுதியும் சேருமா, பைட் வரிசை எது என்ற மூன்றையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இரண்டு பைட்டில் 18 என்று அனுப்பியதை வரிசை மாற்றிப் படித்தால் 4608 என்று ஆகும். அடாப்டர் 18 பைட்டை வாங்கி வைத்துக்கொண்டு மீதி 4590-க்காகக் காத்திருக்கும். ‘முதல் செய்தி வரவில்லை, பிறகு நிறையச் செய்திகள் அனுப்பினால் ஒரேயடியாகக் குப்பையாக வருகிறது’ என்று யாராவது சொன்னால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இதுதான்.

தமிழில் செய்தி அனுப்புகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நீளம் என்பது பைட் எண்ணிக்கை, எழுத்து எண்ணிக்கை அல்ல. யுடிஎஃப்-8 குறியாக்கத்தில் தமிழின் ஒவ்வொரு யூனிகோடு குறியும் 3 பைட். ‘அம்மா’ என்பது நம் கண்ணுக்கு மூன்று எழுத்து, யூனிகோடில் 5 குறிகள், கம்பியில் 15 பைட். நிரல் 5 என்று எழுதி 15 பைட் அனுப்பினால் முதல் செய்தி நடுவில் வெட்டுப்படும். மிச்சமிருக்கும் பைட்டுகளை அடுத்த செய்தியின் நீளம் என்று நினைத்துப் படிக்கும்போது எல்லாமே குலைந்துபோகும். ஆங்கில எழுத்தில் சோதித்தபோது ஒழுங்காக ஓடியது, முதல் தமிழ்ப் பெயர் வந்ததும் நின்றுவிட்டது என்றால் வேறெங்கும் தேட வேண்டாம்.

டிஎல்எஸ் பொருத்தமின்மையும் இதே முகத்தோடுதான் வரும். ஒரு முனை மறையாக்கத்தோடு பேசுகிறது, மறுமுனை வெறுமனே கேட்கிறது. சர்வரின் லாகில் வந்த முதல் பைட்டுகளைப் பாருங்கள்: 22, 3 என்று தொடங்கினால் எதிரில் இருப்பவர் டிஎல்எஸ் கைகுலுக்கலைத் தொடங்கியிருக்கிறார். எந்த முனையை மாற்றுவது என்று கேட்டால், வெறுமனே கேட்கும் முனைக்கு டிஎல்எஸ் சேருங்கள் என்றே சொல்வேன். மறையாக்கத்தை அணைத்துவிட்டு ‘வேலை செய்கிறது’ என்று விட்டுவிடாதீர்கள்.

சும்மா இருந்தால் அறுந்துபோகிறது

பகலில் நன்றாக ஓடும். இரவில் செய்தி இல்லாத நேரம் கழிந்து, காலையில் முதல் செய்தி தோற்கும். ‘கனெக்‌ஷன் ரீசெட் பை பியர்’ என்று லினக்ஸில் 104, விண்டோஸில் 10054 வரலாம். எதுவுமே வராமல் செய்தி மட்டும் காணாமலும் போகலாம்.

காரணம் பெரும்பாலும் நடுவில் உள்ள ஃபயர்வால், முகவரிகளை மாற்றி அனுப்பும் நாட், அல்லது இணைப்புகளைப் பல சர்வர்களுக்குப் பிரித்துத் தரும் லோட் பேலன்சர். ஒவ்வொரு இணைப்பையும் அவை அட்டவணையில் வைத்திருக்கும். பேச்சு இல்லாவிட்டால் சில நிமிடங்களில் அழித்துவிடும். மைக்ரோசாஃப்ட்டின் அஷூர் லோட் பேலன்சரில் இயல்பான அளவு 4 நிமிடம். அழித்ததை இரண்டு முனைகளுக்கும் சொல்லவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

கீப்அலைவ் டிக் போட்டிருந்தும் ஏன் அறுகிறது என்று கேட்பீர்கள். லினக்ஸின் இயல்பில் கீப்அலைவ் முதல் பாக்கெட்டை அனுப்புவதே 7200 விநாடி அமைதிக்குப் பிறகுதான். பிறகு 75 விநாடி இடைவெளியில் 9 முறை. ஆக, இறந்த இணைப்பைக் கண்டுபிடிக்க 2 மணி 11 நிமிடம் 15 விநாடி. விண்டோஸிலும் தொடக்கம் 2 மணி நேரம்தான். 4 நிமிடத்தில் அழிக்கும் கருவிக்கு எதிரில் இது பயன்படாது. அடாப்டரிலேயே கீப்அலைவ் நேரத்தை எழுதும் கட்டம் இருந்தால், நடுக்கருவியின் வரம்பில் பாதிக்கும் குறைவாக வையுங்கள். வெறும் டிக் மட்டும் இருந்தால் இயங்குதளத்தின் மதிப்பை மாற்ற வேண்டும். அதை மட்டும் மாற்றி டிக் போடாமல் விட்டாலும் பலனில்லை.

அடாப்டரில் ஹார்ட்பீட் செய்தி (‘இருக்கிறீர்களா’ என்று நிரலே நிரலிடம் அவ்வப்போது கேட்பது) அனுப்பும் வசதி இருந்தால் நான் அதையே தேர்ந்தெடுப்பேன். கீப்அலைவுக்குப் பதில் சொல்வது இயங்குதளத்தின் மையப்பகுதியான கெர்னல். எதிர்முனை நிரல் உறைந்து கிடந்தாலும் கெர்னல் பதில் சொல்லிக்கொண்டே இருக்கும். ஹார்ட்பீட்டுக்குப் பதில் வந்தால்தான் நிரலே உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம்.

ஆனால் நடுக்கருவி மேல் பழி போடும் முன், இணைப்பை மூடும் ஃபின் பாக்கெட்டை யார் முதலில் அனுப்புகிறார் என்று பிடித்துப் பாருங்கள். நம் அடாப்டரே அனுப்புகிறது என்றால் அதன் ரீட் டைம்அவுட் அல்லது ஐடில் டைம்அவுட்தான் மூடுகிறது. ஹார்ட்பீட் இடைவெளி 60 விநாடி, ரீட் டைம்அவுட் 30 விநாடி என்று இரண்டு பக்கமும் தனித்தனியே அமைத்தால் இப்படித்தான் ஆகும். ரீட் டைம்அவுட் ஹார்ட்பீட் இடைவெளியைப்போல் குறைந்தது இரண்டு மடங்காவது இருக்கட்டும்.

‘அனுப்பியாகிவிட்டது’ என்கிறது லாக். எதிரில் செய்தி இல்லை

சாக்கெட்டில் எழுதுவது வெற்றி என்றால், பைட்டுகள் நம் கணினியின் கெர்னல் பஃபருக்குள் போயின என்று மட்டுமே பொருள். கம்பி அறுந்திருந்தாலும் முதல் சில முறை எழுதுவது வெற்றி என்றே வரும். லினக்ஸ் பதில் கிடைக்காத தரவை இயல்பாக 15 முறை திரும்ப அனுப்பிப் பார்த்து, ஏறக்குறைய 15 நிமிடத்துக்குப் பிறகுதான் இணைப்பு இறந்தது என்று சொல்லும். அதுவரை அடாப்டர் செய்திகளை உள்ளே தள்ளிக்கொண்டே இருக்கும். டிசிபி யூசர் டைம்அவுட் என்ற தேர்வு இருந்தால் 30 விநாடி போல வைத்து இந்த நேரத்தைச் சுருக்கலாம்.

முழுப் பாதுகாப்பு வேண்டுமானால் எதிர்முனை நிரலிடமிருந்து ஒப்புகைச் செய்தி வந்த பிறகே வரிசையிலிருந்து நீக்கும்படி அமைக்க வேண்டும். அப்போது செய்தி போய்ச் சேர்ந்து ஒப்புகை மட்டும் தொலைந்தால், அதே செய்தி இரண்டாம் முறை போகும். எனவே ஒவ்வொரு செய்திக்கும் தனி அடையாள எண் இருந்து, பெறுநர் இரட்டிப்பை ஒதுக்க வேண்டும். பணமோ மருத்துவ முடிவோ போகிற இடத்தில் இந்த வேலையைத் தள்ளிப்போடாதீர்கள்.

சின்னச் செய்தி போகிறது, பெரியது உறைகிறது

விபிஎன் இருக்கிறதா? அதன் சுரங்கப்பாதையின் எம்டியு (ஒரே பாக்கெட்டில் போகக்கூடிய உச்ச அளவு) 1500 பைட்டைவிடக் குறைவாக இருந்து, ‘பாக்கெட் பெரிது’ என்று சொல்லும் ஐசிஎம்பியை ஃபயர்வால் தடுத்தால் இப்படி ஆகும். துண்டாக்காதே என்ற தேர்வோடு 1472 பைட் பிங் அனுப்பிப் பாருங்கள். தலைப்பு 28 பைட் சேர்ந்து 1500. அது போகாமல் 1300 போகிறது என்றால் விஷயம் அதுதான். அடாப்டரில் மாற்ற எதுவுமில்லை, நெட்வொர்க் பக்கம் எம்எஸ்எஸ் (ஒரு டிசிபி பாக்கெட் சுமக்கும் தரவின் உச்ச அளவு) அளவைக் குறைக்கச் சொல்லுங்கள்.

ஒவ்வொரு செய்திக்கும் 40 அல்லது 200 மில்லிவிநாடி தாமதம்

சின்னத் துண்டுகளைச் சேர்த்து அனுப்பக் காத்திருக்கும் நேகிள் முறையும், ‘கிடைத்தது’ என்று சொல்வதைத் தள்ளிப்போடும் தாமதித்த ஒப்புகையும் ஒன்றுக்கொன்று காத்திருப்பதன் அடையாளம். டிசிபி நோ-டிலே தேர்வை இயக்குங்கள். செய்தியின் தலைப்பையும் உடலையும் இரண்டு முறை தனித்தனியே எழுதி அனுப்பாமல் ஒன்றாகச் சேர்த்து அனுப்பினால் இன்னும் நல்லது.

நாட்கணக்கில் ஓடியபின் புதிய இணைப்பு எடுக்க மறுக்கிறது

இணைப்புகளின் நிலையைப் பட்டியலிட்டுப் பாருங்கள். க்ளோஸ்-வெயிட் நிலையில் வரிசை வரிசையாக இருந்தால், எதிர்முனை மூடிவிட்டது, நம் நிரல் இன்னும் மூடவில்லை. இது அமைப்பால் தீராது, நிரலில் உள்ள பிழை. ஒவ்வொரு இணைப்பும் ஒரு கோப்புக் கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளும்; அவற்றின் வரம்பு லினக்ஸில் பல இடங்களில் 1024. அது தீர்ந்ததும் பிழை 24 வரும். வரம்பைக் கூட்டினால் விழும் நாள் தள்ளிப்போகும், அவ்வளவுதான்.

டைம்-வெயிட் நிறைய இருந்தால் அடாப்டர் ஒவ்வொரு செய்திக்கும் புதிதாக இணைத்து மூடுகிறது. ஒரே எதிர்முனைப் போர்ட்டுக்கு லினக்ஸின் இயல்பு வரம்பில் 28232 எண்கள்தான். ஒவ்வொன்றும் 60 விநாடி முடங்கினால், விநாடிக்கு 470 இணைப்புக்கு மேல் தாங்காது. நிலையான இணைப்பு முறைக்கு மாற்றுங்கள்.

எதிர்முனை திரும்பி வந்தும் அடாப்டர் இணையவில்லை

மறுஇணைப்பு இயங்குகிறதா, முயற்சிகளுக்கு உச்சவரம்பு இருக்கிறதா என்று பாருங்கள். ஐந்து முறைக்குப் பிறகு கைவிடு என்று அமைந்த அடாப்டர், எதிர்முனையின் அரைமணி நேரப் பராமரிப்பைத் தாண்டாது. வரம்பில்லாமல் விடுங்கள், ஆனால் இடைவெளியை 1, 2, 4 விநாடி என்று கூட்டி 30 அல்லது 60-இல் நிறுத்துங்கள். நிறைய அடாப்டர்கள் ஒரே சர்வரை நோக்கினால் இடைவெளியில் கொஞ்சம் தற்செயல் வேறுபாடு சேருங்கள். இல்லையென்றால் எல்லாம் ஒரே நொடியில் வந்து மோதும்.

முயற்சி நடந்தும் இணையவில்லை என்றால், எதிர்முனையின் ஐபி மாறி அடாப்டர் பழைய முகவரியையே நினைவில் வைத்திருக்கலாம். ஒரே நேரத்தில் ஓர் இணைப்பை மட்டும் ஏற்கும் கருவிகளில் வேறொரு காரணம் உண்டு: அறுந்துபோன பழைய இணைப்பு இன்னும் உயிரோடு இருப்பதாகக் கருவி நினைத்துக்கொண்டு புதியதை விரட்டும். கருவிப் பக்கம் கீப்அலைவ் நேரத்தைக் குறைத்தால்தான் அது விடும்.

மாற்றியதைச் சோதிக்கும்போது எதிர்முனை நிரலை நிறுத்திப் பார்ப்பது மட்டும் போதாது. நிரல் நிற்கும்போது கெர்னல் ஃபின் அல்லது ரீசெட் அனுப்பிவிடும். அடாப்டருக்கு உடனே தெரிந்துவிடும். ஃபயர்வாலில் அந்தப் போர்ட்டை ஓசையின்றிக் கைவிடும்படி ஒரு விதி போட்டு, செய்திகளை அனுப்பிக்கொண்டே சில நிமிடம் விட்டு, பிறகு விதியை எடுங்கள். எத்தனை விநாடியில் அடாப்டர் அறுந்ததை உணர்ந்தது, எத்தனை விநாடியில் திரும்ப இணைந்தது, நடுவில் அனுப்பிய செய்திகளில் எவை போய்ச் சேர்ந்தன, எவை இரண்டு முறை போயின என்று எண்ணிப் பாருங்கள். அந்த நான்கு பதில்களையும் அமைப்புக் கோப்பின் பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.